இன்ஜினை இறக்கு!

யார் சொன்னது உனக்கு, அது முடிந்துபோன இன்ஜின் என்று?

கிக்கரை மிதித்தாய். இறங்கவில்லை. பாறையை மிதித்த மாதிரி கால் எகிறியது. தெருமுனையில் நின்றிருந்த நாலு பேர் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர், "சீஸ் ஆயிடுச்சுப்பா, இனிமே எடைக்குத்தான்" என்றார். அவர் உள்ளே பார்த்தாரா? ஒரு போல்ட்டையாவது தொட்டாரா? இல்லை. திறக்காத இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நீயும் அதை நம்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டுச் சந்தில் சாத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டாய்.

அந்தச் சாக்கை எடு. இன்றைக்கே எடு!

"எனக்கு என்ன தெரியும், நான் என்ன மெக்கானிக்கா" என்று நீ முனகுவது காதில் விழுகிறது. நானும் மெக்கானிக் இல்லை, தம்பி. வாணியம்பாடியில் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். டிப்ளமோவில் மூன்று அரியரைச் சுமந்துகொண்டு, அதை முடிக்கவும் துணியாமல், விடவும் மனசில்லாமல் இருந்தவன். "இவன் தேற மாட்டான்" என்று சொந்தக்காரர்கள் எனக்கும் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார்கள். அதில் நானே கையெழுத்தும் போட்டிருந்தேன். 2003 மே மாதம் வரை.

என்னிடம் இருந்தது அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் எஸ்கார்ட்ஸ் கூட்டில் இந்தியாவுக்கு வந்து, 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. நின்று இத்தனை வருஷம் ஆகியும் தமிழ்நாட்டில் அதன் சத்தத்தைக் கேட்டால் திரும்பிப் பார்க்காதவன் இல்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 98 சிசி. சிலிண்டர் துளையின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றை உள்ளே போடலாம், அவ்வளவுதான் இடம். அந்த இடத்துக்குள், நிமிஷத்துக்கு 7,500 சுற்று என்று முறுக்கினால், ஒரு விநாடிக்கு 125 முறை பிஸ்டன் ஏறி இறங்கும். 125 முறை தீப்பிடிக்கும். நீ கண்ணை ஒரு முறை சிமிட்டுவதற்குள் பத்துப் பன்னிரண்டு வெடிப்பு முடிந்திருக்கும்.

ஆம்பூர் போகும் வழியில், உச்சி வெயிலில், அது சிக்கியது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு தார் ரோட்டில் கறுப்புக் கோடு இழுத்தது. கை தானாகப் போய் கிளட்ச்சைப் பிடித்ததால் பிழைத்தேன். ஒரு பெரிய கடையில் விட்டேன். சிலிண்டரைக் கழற்றினார்கள், லேத்துக்கு அனுப்பி போர் போட்டார்கள், 0.25 ஓவர்சைஸில் புது பிஸ்டன் மாட்டினார்கள், காசு வாங்கிக்கொண்டார்கள். பத்தொன்பதாவது நாள் அதே வண்டி, அதே சக்கரம், அதே கறுப்புக் கோடு. திரும்பப் போனேன். "பழைய வண்டி சார், அப்படித்தான். வித்துடுங்க" என்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கம். ஏமாற்றப்பட்டேனா, இல்லையா என்றுகூடத் தெரியாத வெட்கம். என் காசு, என் வண்டி, என் உயிர். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எவனோ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும்! அந்த வெட்கம் உனக்கும் என்றாவது வந்திருந்தால் நீ அதிர்ஷ்டசாலி. அதை ஆற விடாதே. அது நல்ல எரிபொருள்.

எதிர் வீட்டில் ஒரு பாய் இருந்தார். நாற்பது வருஷம் பட்டறை நடத்தியவர். கையில் நடுக்கம் வந்ததும் பட்டறையை மூடிவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் நின்றேன்.

"பாய், கொஞ்சம் பிரிச்சுப் பாக்கறீங்களா?"

கையை நீட்டிக் காட்டினார். டம்ளரைப் பிடித்தால் பாதி டீ சட்டையில் கொட்டும் கை. "உன் கை நல்லாத்தானே இருக்கு? நீ பிரி. நான் உக்காந்து பாக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது பாய்."

"தெரிஞ்சிருந்தா எதுக்கு தம்பி பிரிக்கணும்?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்ட கேள்விகளில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. தெரிந்துகொண்டு பிரிக்கலாம் என்று காத்திருந்தேன். பிரித்தால்தான் தெரியும் என்று எவரும் சொல்லவில்லை. முதலில் தன்னம்பிக்கை வரட்டும், பிறகு இறங்குகிறேன் என்று நிற்கிறாயே, அது எந்தக் காலத்திலும் வராது. ஸ்பேனர் கையில் ஏறி, முதல் போல்ட் 'கிரிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துத் தளர்கிறது பார், அதற்குப் பிறகுதான் அது வரும். அதற்கு ஒரு விநாடி முன்னால்கூட வராது!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் பழைய போர்வையை விரித்தேன். கியர் ஆயிலை வடித்தேன். சைலன்சர், கார்புரேட்டர், ஆயில் பம்ப் கேபிள், செயின் எல்லாவற்றையும் விடுவித்து, மூன்று மவுண்டிங் போல்ட்டையும் உருவி, இன்ஜினை இறக்கி இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து போர்வையில் வைத்தேன். இத்தனை வருஷம் என்னைச் சுமந்த சாமான் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

பாய் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் சொன்ன வார்த்தைகளில் பாதி, "அடுத்து?" என்பதுதான்.

வலது பக்க கிளட்ச் கவரின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. சில குட்டை, சில நெட்டை. கலந்துவிட்டால், மாட்டும்போது நெட்டையைக் குட்டையின் துளையில் முறுக்கி அலுமினியத்தைப் பிளந்துவிடுவோம். பாய் சட்டைப் பெட்டி அட்டை ஒன்றைக் கேட்டார். அதில் கவரின் உருவத்தைப் பேனாவால் வரையச் சொன்னார். எந்த இடத்திலிருந்து எந்த ஸ்க்ரூவோ, அட்டையில் அதே இடத்தில் துளை போட்டு அதை அங்கேயே செருகு. அவ்வளவுதான். இதைச் செய்ய பொறியியல் பட்டம் வேண்டுமா? ஞாபகசக்தி வேண்டுமா? ஒரு அட்டை வேண்டும். பெரிய காரியங்களைச் செய்கிறவர்களுக்கு நம்மைவிடப் பெரிய மூளை என்று நினைத்து ஒதுங்குகிறோமே, பல பேரிடம் இருப்பது ஒரு அட்டைதான்.

மூன்றாவது ஸ்க்ரூ அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பல்லைக் கடித்துத் திருகினேன். தலை மழுங்கியது. இன்னும் கோபமாகத் திருகினேன். இன்னும் மழுங்கியது. சுத்தியலை எடுத்தேன்.

"கீழ வை" என்றார் பாய். "டீ சொல்லு, ரெண்டு."

டீ வந்தது. குடித்து முடிக்கும் வரை அவர் பேசவில்லை. பிறகு தம் பழைய பெட்டியிலிருந்து இம்பாக்ட் டிரைவரை எடுத்து வரச் சொன்னார். ஸ்க்ரூவின் தலையில் அதைப் பொருத்தி, பின்னால் ஒரே ஒரு தட்டு. அடி உள்ளே இறங்க இறங்க, முனை பல்லை நன்றாகக் கவ்விக்கொண்டு இடப்பக்கம் திரும்பும். ஒரே தட்டில் கழன்றது. அதே சுத்தியல்தான், ஆனால் இப்போது அது கோபத்தின் கையில் இல்லை.

மேடையில் முழங்குகிற பல பேர் உனக்குச் சொல்லாதது இது: வெறியும் தன்னம்பிக்கையும் வேறு வேறு. "என்னால் முடியும்" என்று கத்திக்கொண்டே சுத்தியலால் அடித்தவன் உடைத்த கிராங்க் கேஸ்கள் சென்னை புதுப்பேட்டையில் குவியல் குவியலாகக் கிடக்கும். முரட்டு பலம் என்பது பயத்தின் இன்னொரு முகம். அவசரமாக முடித்துவிட்டு ஓடப் பார்க்கிற பயம். நம்பிக்கை உள்ளவன் டீ குடிப்பான்.

ஹெட்டின் நட்டுகளை எதிரெதிர் மூலையாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். ஒரே பக்கத்தை முதலில் விட்டுவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். சிலிண்டரை மேலே உருவினேன். பிஸ்டன் தெரிந்தது. வெளிப்புகை போகும் பக்கத்தில், புலி நகத்தால் கீறியது போல நெடுக்குக் கோடுகள். உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியது மாதிரி ஒட்டியிருந்தது.

பிஸ்டனைப் பிடித்திருக்கும் பின்னின் இரு முனையிலும் மெல்லிய கம்பி வளையம், சர்க்ளிப். அதை நெம்புவதற்கு முன் கிராங்க் வாயில் சுத்தமான துணியைத் திணிக்கச் சொன்னார் பாய். திணித்தேன். ஒன்றை எடுத்தேன். இரண்டாவது 'ட்ங்' என்று பறந்தது. நாற்பது நிமிஷம் கட்டிலுக்கு அடியிலும் துளசி மாடத்துக்குப் பின்னாலும் தேடினேன். பாய் சிரித்துக்கொண்டே, "உள்ள விழலைல்ல? அப்ப ரெண்டு ரூவா நஷ்டம். துணி இல்லாம உள்ள விழுந்திருந்தா?" என்றார். அது வாசற்படி இடுக்கில் கிடைத்தது. எப்படியும் தூக்கித்தான் போட வேண்டும். ஒரு முறை கழற்றிய சர்க்ளிப்பைத் திரும்பப் போடக்கூடாது. ஆனாலும் தேட வைத்தார். ஒரு சாமான் எங்கே போனது என்று தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகாதே என்பது அவர் சட்டம்.

பிஸ்டனின் இடுப்பில் இரண்டு ரிங். பார்க்க ஒன்றுமில்லை, குழந்தையின் வெள்ளிக் காப்பு மாதிரி ஒரு வாய் பிளந்த வளையம். இந்த வளையம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தியது தெரியுமா? ஜப்பானில் ஹமாமட்சு ஊரில் பட்டறை வைத்து நல்ல பெயரோடு சம்பாதித்துக்கொண்டிருந்த சோய்சிரோ ஹோண்டா, ரிங் செய்கிறேன் என்று இறங்கினார். வார்த்ததெல்லாம் உதவாமல் போனது. இரும்பின் குணமே தனக்குத் தெரியாது என்று புரிந்ததும் என்ன செய்தார்? முப்பது வயதைத் தொட்ட முதலாளி, 1937இல் ஊர்த் தொழில்நுட்பப் பள்ளியில் போய்ப் பையன்களோடு பையனாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகாவது கதவு திறந்ததா? டொயோட்டாவுக்குக் கொடுத்த ரிங்குகளில் சோதனைக்கு எடுத்தவை 50, தேறியவை 3. மூன்றே மூன்று! மனிதர் ரிங்கை விடவில்லை. உலகப் போர் முடிந்து, 1946இல், ராணுவ வானொலிக்குக் கரண்ட் கொடுக்கச் செய்த சின்ன ஜெனரேட்டர் இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் பொருத்தி விற்றார். 1948இல் அவர் பெயரில் நிறுவனம் வந்தது. நாற்பத்தேழு ரிங் தேறாமல் போன அன்று அவரிடம் போய் எவனாவது "உங்களுக்கு இது சரிப்படாது சார்" என்று சொல்லியிருப்பான். சொல்லாமலா இருந்திருப்பான்? அவன் பெயர் உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

அடுத்து இடது பக்கம். சுழலும் காந்தச் சக்கரம். பட்டறையில் அதை மேக்னட் என்பார்கள். நட்டைக் கழற்றினாலும் அது வராது. கூம்பு வடிவத் தண்டில் இறுகப் பற்றியிருக்கும். அதற்கென்றே உள்ள புல்லரை மரையில் ஏற்றி நடு போல்ட்டை முறுக்கினால், 'டப்' என்று விடும். முதல் முறை அந்தச் சத்தத்துக்குப் பயந்து பின்னால் சாய்ந்துவிட்டேன். அதன் பின்னால் கிராங்க் தண்டைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஆயில் சீல்.

"நகத்தால அழுத்து" என்றார் பாய்.

காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டிய ரப்பர் உதடு, வெயிலில் கிடந்த செருப்பு வார் போல விறைத்திருந்தது. தண்டை ஒட்டி ஒரு கீற்று வெளிச்சம் போகிற அளவுக்கு இடைவெளி. பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிடிச்சிட்டியா திருடனை?"

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையும் மூச்சு விடும். பிஸ்டன் மேலே ஏறும்போது கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் முதலில் அங்கேதான் வருகின்றன. சீல் விறைத்துப் போனால் அந்த இடைவெளி வழியாகக் கணக்கில் இல்லாத காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் விகிதம் குறையும். கலவை வறண்டுபோய்ச் சூடு ஏறும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடம் ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. சூட்டில் பிஸ்டன் வீங்கி அந்த இடத்தையும் தின்றுவிடும். பூட்டிக்கொள்ளும். இதுதான் நடந்தது, இரண்டு முறையும். பெரிய கடையில் பிஸ்டனைத்தான் மாற்றினார்கள். செத்தது பிஸ்டன், கொன்றது சீல்!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சிக்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி தானாக இரைந்துகொண்டிருந்தது. "பார்றா, சும்மா நிக்கும்போதே சீறுது" என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். காற்று கசிகிறது என்று அது கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நாலாவது முறையாக குரூப் 4 எழுதப் போகிறாய். மூன்று முறை தவறியது. ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினாய்? கோச்சிங் சென்டரை மாற்றினாய். புத்தகத்தை மாற்றினாய். படிக்கிற நேரத்தை ராத்திரியிலிருந்து விடியற்காலைக்கு மாற்றினாய். எல்லாம் பிஸ்டன்! உன் சீல் எங்கே கசிகிறது? இருநூறு கேள்வியில் கணக்கும் திறனறிவும் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு விடையைக் கறுக்கிவிட்டு ஓடுகிறாய். ஏன்? ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்தியபோது புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டாய், அன்றைக்கு விறைத்தது அந்த ரப்பர். இருபத்தைந்து வயதில் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து உட்காருவது அவமானமா? முப்பது வயதில் ஒரு முதலாளி வகுப்பில் போய் உட்கார்ந்தாரே! மேலே மேலே மாற்றிக்கொண்டிருக்காதே. இடது பக்கம் கவரைக் கழற்று.

அன்று மாலை கிளட்ச்சையும் இறக்கினேன். மடித்துவிட்ட லாக் வாஷரின் காதை நிமிர்த்தி, கியர் பற்களுக்கு நடுவே பழைய செம்புக் காசைக் கொடுத்துச் சுழலாமல் நிறுத்தி, நட்டைத் தளர்த்தினேன். கடைசியில் இன்ஜினின் இரண்டு பாதிகளையும் பிரிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பத்தான் எவனுக்கும் கை துறுதுறுக்கும். நெம்பினால் இரண்டும் பொருந்தும் முகம் கீறும். கீறிய முகத்தில் எத்தனை அனாபாண்ட் பசை அப்பினாலும் காற்று கசியும். மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினேன். பலாப்பழம் வாய் விடுவது போல, ஓரத்தில் ஒரு மயிரிழைக் கோடு விழுந்தது. பிறகு விரலில் கால்வாசி அளவு. பிறகு இரண்டும் என் இரண்டு கைகளில்.

உள்ளே நாலு கியரும் பளபளவென்று, நேற்று மாட்டியது போல இருந்தன. இன்ஜின் போச்சு என்றார்களே, போகவே இல்லை! கியர்களையும் வாஷர்களையும் அதே வரிசையில் ஒரு கட்டுக் கம்பியில் பூ மாதிரி கோத்து வைத்தேன். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்க்கச் சொன்னார் பாய். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேலும் கீழும் ஒரு துளி ஆடினாலும் கிராங்க் வேலை உண்டு. என்னுடையது ஆடவில்லை. ஒரு பேரிங் மட்டும் விரலில் சுழற்றும்போது மணலை மென்றது.

ராத்திரி எட்டரை மணிக்கு, குண்டு பல்பு வெளிச்சத்தில், டேனரி பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பிஸ்டன் செட், 0.50 ஓவர்சைஸ், ஒன்று. போர் கூலி. கிராங்க் ஆயில் சீல், இரண்டு. பேரிங், ஒன்று. பேக்கிங் செட், ஒன்று. சர்க்ளிப், இரண்டு.

ஆறு வரி. இரண்டு மாதமாக என்னைத் தூங்க விடாமல் அடித்த பயம், அந்தக் காகிதத்தில் ஆறு வரியாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தது. மூடியிருந்தவரை அது பூதம். பிரித்துப் போட்டதும் கடைக்காரரிடம் நீட்டும் சீட்டு! தம்பி, தங்கச்சி, உன் கடன், உன் அரியர், நின்றுபோன உன் தொழில், எதுவானாலும் சரி, அதைப் போர்வையில் பரப்பி ஒரு முறை சீட்டு எழுதிப் பார்த்திருக்கிறாயா? எழுதாமலே "என் வாழ்க்கையே போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், நீயும் அந்தத் தெருமுனை ஆளும் ஒன்றுதான். உதட்டைப் பிதுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறாய்.

கோவைப் பக்கம் கலங்கலில் 1893இல் பிறந்த ஒரு விவசாயி மகன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டவர். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கி ஊர்வலமா போனார்? பிரித்துப் போட்டார். பிரித்து மாட்டிப் பிரித்து மாட்டியே மெக்கானிக் ஆனார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். 1937இல் இந்தியாவில் முதல் மின்மோட்டார் செய்த கூட்டில் இருந்தார். ஜி.டி. நாயுடு என்று ஊருக்கே தெரியும். அவருடைய சாதனைகளைப் பாடமாகப் படிக்கிறோம். கோவையில் அவர் பெயரைப் பலகையில் பார்த்துக்கொண்டே போகிறோம். அந்த முதல் போல்ட்டைக் கழற்றும்போது அவருக்கும் கை வியர்த்திருக்கும் என்று யோசிப்பதில்லை.

மாட்டியதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கழற்றியதன் தலைகீழ், நிதானமாக. ஒன்று மட்டும் மறக்கவில்லை. புது பேரிங்கை அடித்து இறக்கக் கூடாது என்றார் பாய். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிய கேஸை வெயிலில் முழுசாகக் காயவைத்து, அம்மாவிடம் தோசைக்கல்லைக் கேட்டு வாங்கி, அதன் மேல் கவிழ்த்துச் சூடேற்றினோம். அம்மா திட்டியதை எழுத முடியாது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடும் பதம் வந்ததும் துணியால் பிடித்து எடுத்து, பேரிங்கை மேலே வைத்தேன். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடம் தானாகப் பெரிதாகிவிட்டது. 'டக்' என்று பேரிங் தன் எடையிலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. சுத்தியல் ஓரமாகக் கிடந்தது. அது வரை பேசாமல் இருந்த பாய், நடுங்கும் கையைத் தூக்கி என் தோளில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் கிக்கரை மிதித்தேன். முதல் மிதியில் இல்லை. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தெருவே புகை. தெருமுனையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்நூறு கிலோமீட்டர் வரை முறுக்காமல் ஓட்டினேன். ஆக்சிலேட்டரை விட்டால் இரைச்சல் அடங்கி, 'டங் டங் டங்' என்று நின்று நிதானமாகத் துடித்தது.

அந்த நவம்பரில் மூன்று அரியரையும் எழுதினேன். இரண்டு தேறின. ஒன்று அதற்கு அடுத்த ஏப்ரலில்.

உன் வீட்டில் ஆர்எக்ஸ் 100 இல்லாமல் இருக்கலாம். டிவிஎஸ் எக்ஸெல் நிற்கலாம். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரோ, புல்வெட்டும் மெஷினோ மூலையில் கிடக்கலாம். எதுவாக இருந்தாலும் சரி. வரும் ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் எழுந்திரு. பழைய போர்வை ஒன்று, சட்டைப் பெட்டி அட்டை ஒன்று, பேனா, பத்தாம் நம்பர் ஸ்பேனர். உன் தெருவிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் இருப்பார். போய்க் கூப்பிடு, மறுக்க மாட்டார். சாக்கை எடுத்துக் கடாசு. பெட்ரோல் குழாயை மூடு. முதல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கம் திருப்பு.